ஐயா என்று கூப்பிட்ட குரல்

அத்தியாயம் 17

காலை எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு ரம்யா கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினாள். அது கண் திறந்தபோது மணி எட்டு முப்பத்தொன்று. அதற்குள் அம்சவள்ளி ஓர் ஈடு இட்லி எடுத்து, அடுத்த ஈடு ஊற்றி, அதையும் இறக்கிவிட்டாள்.

"இன்னாடி, இன்னும் சுத்திக்கினே இருக்கா?"

"சுத்திக்கினே இருக்கும்மா. போன வாரமெல்லாம் ரெண்டு நிமிஷத்துல வந்துச்சு."

அம்சவள்ளி இட்லித் துணியைத் தண்ணீரில் போட்டாள். மகளிடம் சொல்லாத இரண்டு விஷயங்கள் அவளுக்குத் தெரியும்.

ரம்யா புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு தியாகதுருகத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஐந்து மாதம் ஆகிறது. இந்த ஐந்து மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது ஒரு தடவைதான். போன வாரம், சென்னைக் கம்பெனியின் கடிதம் வந்த அன்று. ஆஸ்பத்திரி பில்களை வீட்டிலிருந்தபடியே சரிபார்க்கிற வேலை. பயிற்சி முடிந்தது, பரீட்சையிலும் தேறிவிட்டாள். பாக்கி ஒன்றுதான். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கம்பெனி ஆள் சென்னையிலிருந்தே இந்தக் கம்ப்யூட்டரைப் பார்வையிடுவார். ஒழுங்கான ஆன்டிவைரஸ் இருந்து, அது வேலை செய்தால் வேலை. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிற பெண்ணுக்கு.

இன்றுதான் அந்தச் சனிக்கிழமை.

வேலை கிடைத்தால் ரம்யா இங்கேயே இருந்து கோர்ட்டு வழக்கை நடத்தலாம். கிடைக்காவிட்டால்? அம்சவள்ளியின் அண்ணன் ஆதிமூலம் திங்கட்கிழமை வருகிறார். "சும்மா குந்த வெச்சிக்கினு எத்தினி நாளுக்கு? பேசி அனுப்பிடலாம்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். ரம்யாவின் அப்பா தனசேகரன் "வாங்க, பார்க்கலாம்" என்றாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. ரம்யா ஏன் திரும்பிப் போகக் கூடாது என்பது, அவள் குளிக்கும்போது முதுகைப் பார்த்த அம்சவள்ளிக்கு மட்டும்தான் தெரியும்.

எந்த ஆன்டிவைரஸ் போடுவது? அதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்தது.

ரம்யா நோட்டில் கோடு கிழித்து மூன்று பெயர்களை எழுதினாள். ஒன்று பழைய கம்ப்யூட்டரின் மேல் ஏறி உட்கார்ந்து அதைப் படுக்க வைத்துவிடும். இன்னொன்று இலவசம், ஆனால் நிமிஷத்துக்கொரு விளம்பரம் வந்து வழி மறிக்கும். மூன்றாவது சின்னது. தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். கம்பெனி கொடுத்த பட்டியலிலும் இருந்தது. அதன் பெயரைச் சுற்றி வட்டம் போட்டாள்.

அந்த வட்டத்தை யாரும் பார்க்கவில்லை.

"உனக்கு இன்னா தெரியும், நான் விசாரிச்சுச் சொல்றேன்" என்றார் அப்பா தனசேகரன். "நெட்ல கண்டதை இறக்கிக் கெடுத்துக்காத, நான் பார்த்துக்கறேன்" என்றான் அண்ணன் அஜித்குமார். இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் சொன்னார்கள். சேர்ந்து சொல்ல வழியில்லை. தை மாதத்தில், கேட்காமல் கொள்ளாமல், கரும்பு நின்ற இரண்டு ஏக்கரில் அஜித்குமார் மரவள்ளியை நட்டுவிட்டான். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு இருபத்திரண்டு வருஷம் கரும்பு வெட்டி அனுப்பியவர் தனசேகரன். அன்றைக்கு நின்றது அப்பன் மகன் பேச்சு.

அதிலிருந்து அம்சவள்ளிதான் தபால்.

"உன் புள்ளைய மோட்டாரை நிறுத்தச் சொல்லு."

"கரண்டு போயி ஒரு மணி நேரமாச்சுன்னு உன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லு."

ஒரே கூடத்தில் நான்கடி தள்ளி உட்கார்ந்துகொண்டே இப்படிப் பேசுவார்கள். அம்சவள்ளி முதலில் இருவர் சொன்னதையும் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒப்பிப்பதையும் விட்டுவிட்டாள். அவர்களும் அதைக் கவனிக்கவில்லை.

புதன்கிழமை, ரம்யா தையல் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அஜித்குமார் யாரிடமோ ஒரு பென் டிரைவ் வாங்கி வந்து ஓர் ஆன்டிவைரஸைப் போட்டான். "எம்மா, நான் போட்டேன்னு இப்போ சொல்லாத. அவரு காதுல உழுந்தா அதுக்கும் ஒரு பேச்சு பேசுவாரு. வேலை கெடைக்கட்டும், அப்புறம் தெரியட்டும்."

வியாழக்கிழமையும் ரம்யா தையல் கடைக்குப் போயிருந்த நேரத்தில், தனசேகரன் மழை நிலவரம் பார்க்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சாயங்காலம் அம்சவள்ளியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"திடீர்னு திரை சிவப்பாயி ஊய்னு கத்துச்சு அம்சா. அஞ்சு வைரஸ் இருக்கு, இந்த நம்பருக்குப் பேசுன்னு வந்துச்சு. பேசினேன். 'ஐயா வணக்கம், பதறாதீங்க'ன்னாங்க. நான் ஒரே கேள்வியை மூணு வாட்டி கேட்டேன், கோவிச்சுக்கவே இல்ல. திரையில அம்பு அதுவா நகருது! அங்க இருந்தே எல்லாத்தையும் போட்டுட்டாங்க. 'இனிமே ஈ எறும்புகூட நுழையாது ஐயா'ன்னாங்க. நம்ம வூட்ல எவன் அப்படி மரியாதையாப் பேசறான், சொல்லு."

சொல்லும்போது முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "ரம்யாவுக்கு வேலை கெடைச்சப்புறம் நானே சொல்றேன். அவன்கிட்ட மூச்சு விடாத."

அம்சவள்ளி இரண்டு சத்தியத்தையும் காப்பாற்றினாள். ஒன்றுக்கு இரண்டு காவல், இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தாள்.

பன்னிரண்டேகாலுக்கு அஜித்குமார் மரவள்ளிக் காட்டிலிருந்து வந்தபோது, ரம்யா நான்காவது முறையாகக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சுபஸ்ரீ போனில், ஸ்பீக்கரில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் ரம்யாவுக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவள்.

"ரம்யா, ஒரு வூட்ல ரெண்டு நாயைப் பக்கத்துல பக்கத்துல கட்டினா இன்னா ஆவும்? ஒன்னை ஒன்னு பார்த்துக் குலைச்சிக்கினே இருக்கும். திருடன் வந்தாலும் திரும்பிப் பார்க்காது. ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டிருக்கியா?"

"நான் ஒன்னுகூடப் போடலக்கா. இன்னைக்குக் காலையில போடலாம்னு இருந்தேன்."

அஜித்குமார் தலையைச் சொறிந்தான். "ஒன்னு இருக்கு. நான் போட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா நீ நோட்டை எடுத்துக்கினு வருவ."

"அதைத் திறக்கற சாவி நம்பர் எங்க வாங்கின அஜித்து?" என்றது போன்.

"பிரண்டு ஒருத்தன் குடுத்தான்."

"அவன் இன்னும் எத்தினி பேருக்குக் குடுத்தான்?"

அஜித்குமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கம்பெனிக்காரன் மொதல்ல அதைத்தான் புடிப்பான். தூக்கிப் போடு. ஆனா அது ஒன்னுக்காக இவ்ளோ திணறாது. வேற இன்னாமோ உள்ள குந்திக்கினு இருக்கு. யாரு தொட்டாங்கன்னு வூட்ல கேளு."

கூடத்தில் தனசேகரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அஜித்குமார் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எம்மா, உன் வூட்டுக்காரரைக் கேளு. தொட்டாரா?"

"நான் எதுக்குத் தொடறேன்? அவனவன் பண்ணின கூத்துக்கு என்னை இழுக்க வேணாம்னு சொல்லு."

அம்சவள்ளி புருஷனைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார். அவள் ரசத்தை ஊற்றினாள். பாதி தட்டுக்கு வெளியே போயிற்று.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவரைத் தொடர்ந்து போனாள்.

"சொல்லிடுங்க."

"எதை? அது நல்ல கம்பெனிடி. இவன் போட்டதுதான் திருட்டுச் சாவின்னு அந்தப் பொண்ணே சொல்லுதே."

"இன்னொன்னும் இருக்குன்னு தெரிஞ்சாதான் அவ எடுக்க முடியும். மணி ஒன்னாச்சுங்க."

"அவன் முன்னாடி என்னைத் தலை குனிஞ்சு நிக்கச் சொல்றியா?"

ஆணியில் தொங்கிய அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. கை ஈரம். "எடு" என்று தாடையால் காட்டினார்.

"வணக்கம். ஐயா இருக்காங்களா?"

"கை கழுவிக்கினு இருக்காரு."

"ஓ, அம்மாங்களா? நல்லா இருக்கீங்களாம்மா? சாப்பிட்டீங்களா?"

அம்சவள்ளி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். காலை நான்கரைக்கு எழுந்தது. மூன்று பேருக்கும் இரண்டு வேளை போட்டாகிவிட்டது. அவள் வயிற்றில் ஒரு டம்ளர் காப்பிதான் இருந்தது. இந்தக் கேள்வியைக் கடைசியாக யார் கேட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. ஊர் பேர் தெரியாத ஒருத்தன் கேட்டதற்குக் கண் கலங்குகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

"இன்னும் இல்லைங்க."

"நேரத்துக்குச் சாப்பிடுங்கம்மா. ஐயாகிட்ட ஒன்னே ஒன்னு சொல்லிடுங்க. கம்ப்யூட்டரை இன்னைக்கு அடிக்கடி அணைக்கறீங்க போல. அணைக்க வேணாம். எங்களுக்கு உள்ள கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு."

"உள்ளயா?"

"ஆமாம்மா. நாங்க உள்ளதானே இருக்கோம்."

கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுத்த வீட்டில், பரண் மேலிருந்து யாரோ இருமியதுபோல இருந்தது அவளுக்கு.

போனை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். உர மூட்டைகளுக்கு நடுவே இருந்த அந்த மேஜைக்குப் பின்னால் குனிந்தாள். எது நெட், எது கரண்டு என்று அவளுக்குத் தெரியாது. கையில் அகப்பட்ட ஒயரையெல்லாம் பிடுங்கினாள்.

"அம்மா! இன்னா பண்ற?"

"உங்கப்பா ஒன்னு போட்டிருக்காரு. வியாழக்கிழமை. யாரோ போன்ல சொல்லிச் சொல்லி. இப்பகூடப் பேசினாங்க. அவங்க உள்ள இருக்காங்களாம் ரம்யா. நம்ம அணைக்கறது போடறது எல்லாம் அவங்களுக்குத் தெரியுதாம்."

தனசேகரன் துண்டால் கையைத் துடைத்தபடி வாசற்படியில் வந்து நின்றார். அஜித்குமார் திரும்பினான். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அப்பனை நேராகப் பார்த்துப் பேசினான்.

"இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஓ, வாய் இருக்கா உனக்கு?" என்றார் அவர். குரல் உடைந்தது. "இந்த வாயைத் தொறந்து நீ எங்கிட்டப் பேசிக்கினு இருந்தா, நான் உன்னைத்தான்டா கேட்டிருப்பேன். வூட்ல ஆளை வெச்சிக்கினு எவன்கிட்டயோ கேக்க வெச்சிட்டியே."

"ரெண்டு ஏக்கர் மரவள்ளிக்கு நீங்கதானே மூஞ்சைத் திருப்பிக்கினீங்க!"

"நான் இப்போ மரவள்ளியைப் பேசலடா!"

"ரெண்டு பேரும் வெளிய போங்க." ரம்யா சத்தம் போடவில்லை. அதனால்தான் இருவருக்கும் கேட்டது. "மணி ஒன்னேகால். எனக்கு ஒன்னே முக்கால் மணி நேரம் இருக்கு. உங்க சண்டைக்கு அடுத்த தை வரைக்கும் டைம் இருக்கு."

போனார்கள்.

சுபஸ்ரீ நடந்ததை முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "முழுசா அழிச்சு மறுபடி ஏத்தறதுதான் சுத்தம். அதுக்கு மூணு மணி நேரம் வேணும், உங்கிட்ட இல்ல. நாளைக்குக் கொண்டுக்கினு வா, பண்ணித் தரேன். இப்போதைக்கு உள்ள வர்ற வழியை அடைப்போம். கரண்டு ஒயரை மட்டும் சொருகு, நெட் ஒயரைச் சொருகாத. நான் சொல்லும்போது உன் போன்ல இருந்து நெட் குடு. அப்பாவை போலீஸ்ல எழுதிக் குடுக்கச் சொல்லு, தள்ளிப் போடாதீங்க."

அம்சவள்ளி போனை ரம்யாவின் காதோரம் பிடித்துக்கொண்டு நின்றாள். கை மரத்தபோது மறுகைக்கு மாற்றினாள். அஜித்குமார் போட்டது ஒரே தட்டில் போய்விட்டது. தனசேகரனுடையது போக மாட்டேன் என்றது. எடுத்தால் திரும்ப முளைத்தது. மூன்றாவது தடவைதான் வேரோடு வந்தது. அதன்பிறகு ரம்யா, நோட்டில் வட்டம் போட்டிருந்த பெயரைத் தேடி இறக்கினாள். பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது. கரண்டு போய்விடக் கூடாதே என்று அம்சவள்ளி மின்விசிறியைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், மறுபடி மின்விசிறியைப் பார்த்தாள்.

இரண்டு ஐம்பத்திரண்டுக்குக் கோடு முடிந்தது. புது ஆன்டிவைரஸ் தேடிப் பார்த்து, மிச்சம் மீதி இருந்த இரண்டைப் பிடித்து அழித்தது.

மூன்று மணிக்குக் கம்பெனியிலிருந்து பகலவன் என்பவர் லைனில் வந்தார். சின்னக் குரல், அவசரமில்லாத பேச்சு. திரையில் அங்கே இங்கே பார்த்தார்.

"நல்லதாத்தான் தேர்ந்தெடுத்திருக்கீங்க மேடம். எல்லாம் சரியா இருக்கு. கடைசியா ஒரு கேள்வி, எல்லாரையும் கேக்கறதுதான். முப்பது நாளுக்குள்ள வெளியாள் யாராவது இந்த சிஸ்டத்துக்குள்ள வந்தாங்களா?"

ஜன்னலுக்கு வெளியே அஜித்குமார் 'இல்லைன்னு சொல்லு' என்று இரண்டு கையையும் ஆட்டினான். ரம்யா அவனைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்சவள்ளிக்கு மறைத்து மறைத்தே அலுத்துப்போயிருந்தது. சொல்லிடு என்பதுபோல் தலையை அசைத்தாள்.

"வந்தாங்க சார்."

நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

"நீங்களா சொன்னதுக்கு நன்றி. ஆனா இப்போ நான் சரின்னு சொல்ல முடியாது" என்றார் பகலவன். "ஒரு வழி இருக்கு. நடந்ததை எழுதி நாலு மணிக்குள்ள மெயில் பண்ணுங்க. உங்க அடையாள அட்டை எதுவும் வெளிய போகலன்னு அதுல உறுதி சொல்லணும். நோயாளிங்க பேப்பரை உங்க பேர்லதான் திறக்கப் போறோம், அதனால. போலீஸ்ல குடுத்த புகார் ரசீதை ராத்திரிக்குள்ள அனுப்பினா போதும். ஆனா எழுதறதுல ஒன்னு பொய்யா இருந்தாலும் அதோட சரி மேடம். மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது."

"என்னுது எதுவும் போகல சார். எழுதி அனுப்பறேன்."

எழுதினாள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். 'என்னுடைய அடையாள ஆவணம் எதுவும் யாரிடமும் கொடுக்கப்படவில்லை என்று உறுதி கூறுகிறேன்' என்ற வரியைக் கேட்டபோது, பரவாயில்லை, நேர்மையாகப் பேசினதற்கு ஒரு வழி பிறந்துவிட்டது என்று அம்சவள்ளிக்கு மூச்சு வந்தது. மூன்று முப்பத்தாறுக்கு மெயில் போயிற்று.

வெளியே அஜித்குமார் வண்டியை நிறுத்தி வைத்திருந்தான். தனசேகரன் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கா கருமாதிக்கா என்று தெரியாத முகத்தோடு நின்றார்.

"நானேதான் வரணுமா?"

"நீங்கதானே பேசினீங்க. போலீஸ்காரன் என்னைக் கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?" அவன் குரலில் சூடு இறங்கியிருந்தது. உரக்கடை ரசீதைத் திருப்பி வண்டி இருக்கையின் மேல் வைத்து, பேனாவை எடுத்தான். "சொல்லுங்க, வரிசையா எழுதிக்கறேன். அங்க போயி முழிக்கக் கூடாது. எத்தினி மணிக்குப் பேசினீங்க?"

"பதினொன்னு, பதினொன்னேகால்."

"காசு கேட்டாங்களா?"

"ஒரு பைசா கேக்கலடா. அதனாலதான் நம்பினேன்."

"அப்போ இன்னாதான் கேட்டாங்க?"

"பேரு. ஊரு. அப்புறம் பதிவு பண்ணணும்னு ஆதார் அட்டையை கேமரா முன்னாடி காட்டச் சொன்னாங்க. முன்பக்கம், பின்பக்கம்."

அஜித்குமார் பேனாவை நிறுத்தினான். திட்ட வாயெடுத்தவன், அப்பா முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். "சரி, போனது போச்சு. உங்க ஆதாரை முடக்கி வெச்சிடலாம். சுபஸ்ரீ வழி சொல்லும்."

"என்னுது இல்லடா."

"பின்ன?"

"'கம்ப்யூட்டர் யாரோடது ஐயா, அவங்க பேர்லதான் பதியணும்'னாங்க." தனசேகரன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். "அது ரம்யாவோடதுதானே. பீரோவைத் தொறந்து அவ அட்டையை எடுத்துக் காட்டினேன். அவ வேலைக்குத்தானேன்னு..."

அம்சவள்ளி திரும்பினாள். ரம்யா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ.

"அப்பா, நான் அனுப்பிட்டேனே" என்றாள். "என் அட்டை எதுவும் போகலன்னு இப்பதான் அனுப்பினேன்."

கூடத்துக் கடிகாரத்தில் மணி மூன்று நாற்பத்தொன்று. பகலவன் சொன்ன நான்கு மணிக்கு இன்னும் பத்தொன்பது நிமிஷம் இருந்தது.